நெருக்கடி நிலையும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரும்

1976ஆம் ஆண்டில், பெங்களூரு மாவட்டம் ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த சகலவாரா என்னும் சிற்றூரில் நிம்ஹான்ஸ் நிறுவனம் ஒரு கிராமப்புற மனநல மையத்தைத் தொடங்கியது. மனநோய்க்கு மருத்துவம் பார்க்க நகரத்துப் பெரிய மருத்துவமனையும் அதில் வல்லுநரும் இருந்தே தீரவேண்டும் என்ற எண்ணத்தை அசைத்துப் பார்ப்பது அதன் நோக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிபுரியும் எம்.பி.பி.எஸ். மருத்துவருக்கும், வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளருக்கும் சில வாரப் பயிற்சி அளித்தால், கிராமத்திலேயே நோயை இனங்கண்டு, கிராமத்திலேயே மருந்து கொடுத்து, கிராமத்திலேயே தொடர்ந்து கவனிக்க முடியுமா என்பதே கேள்வி.

அதே ஆண்டு ஏப்ரல் 16 அன்று, மத்திய சுகாதார அமைச்சர் கரண் சிங் தில்லியில் தேசிய மக்கள்தொகைக் கொள்கையை அறிவித்தார். மாநிலத் திட்டங்களுக்கான மத்திய உதவியில் 8 விழுக்காடு குடும்பக் கட்டுப்பாட்டுச் சாதனையோடு பிணைக்கப்பட்டது. அறுவை செய்துகொள்வோருக்கான தொகை, குழந்தைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து வகுக்கப்பட்டது: இரண்டு குழந்தைகள் உள்ளவருக்கு 150 ரூபாய், மூன்று என்றால் 100, நான்கும் அதற்கு மேலும் என்றால் 70.

பெங்களூரிலிருந்து கிளம்பிய முதல் பணியும் தில்லியிலிருந்து இறங்கிய இரண்டாவது பணியும் நம்பியிருந்தது ஒரே ஆளைத்தான். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரும் அவரிடம் வேலை பார்த்த துணைச் செவிலியரும் அந்தக் காலத்து அரசியலை எப்படிச் சுமந்தார்கள் என்பதை இந்த இரட்டைச் சுமையிலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

அரசியல் கொந்தளிப்பு மருத்துவத்தை எப்படிப் பாதிக்கிறது என்று கேட்டால், தமிழ் வாசகருக்கு முதலில் நினைவுக்கு வருவது 1987 அக்டோபர் 21, 22ஆம் நாள்களில் யாழ்ப்பாணப் பொது மருத்துவமனையில் நிகழ்ந்ததாகவே இருக்கும். இந்திய அமைதிப் படை உள்ளே புகுந்தபோது நோயாளிகளோடு மருத்துவர் சிவபாதசுந்தரம் உள்ளிட்ட மருத்துவர்களும் செவிலியரும் கொல்லப்பட்டனர். அந்த அழிவு கண்ணுக்குத் தெரிவது, ஆண்டுதோறும் நினைவுகூரப்படுவது. நெருக்கடி நிலையில் மருத்துவமனைகள் இடியவில்லை. மருத்துவர்கள் ஊரைவிட்டு ஓடவுமில்லை. கட்டடம், ஆள், மருந்து அனைத்தும் இருந்த இடத்திலேயே இருந்தன. மாறியது ஒன்றுதான்: மருத்துவரின் வேலை எதைக் கொண்டு அளக்கப்படும் என்பது. இத்தகைய சேதத்துக்கு நினைவுத்தூண் கிடையாது. வரலாற்றெழுத்தில் அதற்கு இடம் குறைவாக இருப்பதற்கும் அதுவே காரணமாகலாம்.

ஆனேக்கல் வட்டம் அன்றைக்கு எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். இன்று பொம்மசந்திராவில் இந்தியாவின் பெயர்பெற்ற தனியார் இதய மருத்துவமனைகளுள் ஒன்று நிற்கிறது; மின்னணு நகரத்தின் ஊழியர் குடியிருப்புகள் வயல்களை மூடிவிட்டன. 1970களில் அது ஏரிப்பாசனமும் கேழ்வரகும் பட்டுப்புழு வளர்ப்பும் கொண்ட எல்லைப்புற வட்டம். அத்திபெலேயைத் தாண்டினால் ஒசூர். கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே சந்தையில் புழங்கும் நிலம். இப்படிப்பட்ட இடங்களில் அரசு மருத்துவம் என்பது பெரும்பாலும் ஆரம்ப சுகாதார நிலையமே. 1946இல் வெளிவந்த போர் குழு அறிக்கையின் கனவிலிருந்து பிறந்து, 1952இல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு கிராமத்துக்கு வந்த நிறுவனம் அது. மலேரியா, அம்மை, காசநோய், பேறுகாலம், பாம்புக்கடி, பிரேதப் பரிசோதனை என அனைத்தையும் ஒன்றிரண்டு மருத்துவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பகுதிக்குக் கருத்தடை புதிதன்று என்பதும் கவனிக்கத்தக்கது. 1930இலேயே மைசூர் சமஸ்தானம் அரசு மருத்துவமனைகளில் கருத்தடை ஆலோசனை மையங்களைத் திறந்தது. ஓர் அரசாங்கமே இத்தகைய மையங்களை நடத்த முன்வந்தது உலகிலேயே அதுதான் முதல் முறை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அங்கே இலக்கு இல்லை, ஊக்கத்தொகை இல்லை. வேண்டுவோர் வந்து கேட்டுப் போகலாம். நாற்பது ஆண்டுகளுக்குப் பின், உலக வங்கியும் ஸ்வீடனும் உதவிய முதல் இந்திய மக்கள்தொகைத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டே மாநிலங்களில் ஒன்று கர்நாடகம். அதிலும் பெங்களூருக் கோட்டம். துணை நிலையங்கள், செவிலியர் பணியிடங்கள், வாகனங்கள் எனப் பல நன்மைகள் இத்திட்டங்கள் வழியே கிராமத்துக்கு வந்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் கிராமத்து மருத்துவத்துக்கான பணம் மக்கள்தொகைக் கட்டுப்பாடு என்ற வாசல் வழியாகவே வந்தது. வாசல் எதுவோ, வீட்டின் அமைப்பும் அதற்கேற்பவே ஆகும்.

இலக்கு வைத்துக் கருத்தடை செய்யும் வழக்கத்தைச் சஞ்சய் காந்தி கண்டுபிடித்ததாகச் சொல்வது வரலாற்றுப் பிழை. அறுவை செய்துகொள்வோருக்குப் பணம் கொடுக்கும் முறையை 1950களிலேயே தொடங்கியது சென்னை மாகாணம். 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்து, பின்னர்ச் சென்னையின் தலைமைச் செயலாளரான ஆர்.ஏ. கோபாலசுவாமி அதன் பின்னணியில் இருந்தார். 1966க்குப் பின் நாடு முழுவதும் ஆண்டு இலக்குகள் வந்தன. 1971 ஜூலையில் கேரளத்தின் எர்ணாகுளத்தில் ஒரே முகாமில் 63 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு வாசெக்டமி செய்யப்பட்டது. அன்று அது உலகச் சாதனையாகக் கொண்டாடப்பட்டது. திருவிழாப் பந்தல், இசை, பரிசுப் பை, வரிசை! நெருக்கடி நிலைக்குத் தேவையான கருவிகள் அனைத்தும் ஜனநாயக காலத்திலேயே செய்து வைக்கப்பட்டிருந்தன. 1975 ஜூன் 25க்குப் பின் அவற்றிலிருந்து எடுக்கப்பட்டது ‘மாட்டேன்’ என்று சொல்லும் உரிமை மட்டுமே. பத்திரிகை, நீதிமன்றம், சட்டமன்ற எதிர்க்கட்சி மூன்றும் வாயடைத்துப் போனபின், மேலிருந்து வரும் எண்ணை எதிர்த்துக் கேட்க எவருமில்லை.

1975-76இல் நாடெங்கும் சுமார் 27 லட்சம் கருத்தடை அறுவைகள். 1976-77க்கு வைக்கப்பட்ட இலக்கு 43 லட்சம். செய்யப்பட்டவை சுமார் 82 லட்சம். அரசுத் திட்டம் ஒன்று தன் இலக்கைப்போல் ஏறத்தாழ இருமடங்கு சாதிப்பது இந்திய நிர்வாகத்தில் அபூர்வம். அச்சம் தவிர வேறு எதுவும் இதை விளக்காது. வட மாநிலங்களில் இலக்கை எட்டாத ஊழியரின் சம்பளம் நிறுத்தப்பட்டது. ஆசிரியர், வருவாய்த்துறை ஊழியர், காவலர் என ஆளுக்கு இத்தனை ‘கேஸ்’ என்று பங்கு பிரிக்கப்பட்டது. தில்லியில் வீட்டுமனை ஒதுக்கீட்டுக்குக் கருத்தடைச் சான்றிதழே நுழைவுச் சீட்டானதை மானுடவியலாளர் எம்மா டார்லோ பின்னர் ஆவணங்களிலிருந்து காட்டினார். அந்த ஆண்டின் அறுவைகளில் சுமார் 62 லட்சம் ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. தெற்கில் இந்த வன்முறை வடக்கின் அளவுக்குப் போகவில்லை என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிதாகக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இலக்குப் பதிவேடு எல்லா மாநிலத்துக்கும் பொது.

இந்தப் பதிவேட்டின் முன் மருத்துவரின் நிலை விசித்திரமானது. ஆள் பிடித்து வருபவர் வேறொருவர். சம்மதக் கையொப்பம் வாங்குபவர் இன்னொருவர். ஆனால் கத்தி மருத்துவரின் கையில். முன்னால் படுத்திருப்பவர் உண்மையில் விரும்பி வந்தவரா, மணமானவரா, அவருக்குக் காய்ச்சலோ நீரிழிவோ உண்டா என்று கேட்டு, ஐயம் இருந்தால் திருப்பி அனுப்புவதே மருத்துவ அறம். ஒருவரைத் திருப்பி அனுப்பினால் கணக்கில் ஒன்று குறையும். அழைத்து வந்த ஆசிரியரின் சம்பளத்தில் அது தெரியும். அறுவைக்குப் பின் தையலைப் பார்க்கவும் சீழ் பிடித்தால் கவனிக்கவும் நேரம் ஒதுக்கினால், அந்த நேரத்தில் செய்திருக்கக்கூடிய புதிய அறுவைகள் குறையும். ஷா ஆணையத்தின் முன் வந்த கணக்குப்படி, கருத்தடை அறுவைகளோடு தொடர்புடைய மரணங்கள் 1,774. மணமாகாதவர்களுக்கு அறுவை செய்ததாக வந்த புகார்கள் 548. இவற்றை அதிகாரிகளின் குற்றப்பட்டியலாகவே பலரும் வாசிக்கின்றனர். ஒவ்வொரு எண்ணின் பின்னாலும் மேசைக்கு அருகில் ஒரு மருத்துவர் நின்றிருந்தார் என்பதையும் சேர்த்து வாசிக்கவேண்டும். அவரைக் கொடியவர் என்று சொல்வதும் எளிது, கருவி என்று விட்டுவிடுவதும் எளிது. ‘இல்லை’ என்று சொல்வதற்கான அதிகாரத்தைத் தொழிலிலிருந்து பெற்று, சம்பளத்தை அரசிடமிருந்து பெறும் ஒருவர், இரண்டும் மோதும் நாளில் என்ன செய்வார் என்பதுதான் கேள்வி. இந்தியப் பொதுச் சுகாதாரத் துறை அதை இன்றுவரை நேர்நின்று விவாதித்ததாகத் தெரியவில்லை.

மொழியும் தன் பங்குக்கு ஒரு சாட்சியம் வைத்திருக்கிறது. இந்தியில் ‘பரிவார் நியோஜன்’, கன்னடத்தில் ‘குடும்ப யோஜனெ’. இரண்டும் திட்டமிடல் என்ற பொருளின. தெலுங்கில் ‘குடும்ப நியந்த்ரண’, தமிழில் ‘குடும்பக் கட்டுப்பாடு’. இரண்டும் அடக்கி நிறுத்துதல் என்ற பொருளின. மூன்று மொழியும் புழங்கும் ஆனேக்கல் போன்ற இடத்தில் ஒரே அரசுத் திட்டம், கேட்பவரின் தாய்மொழிக்கேற்ப, யோசனையாகவும் கட்டளையாகவும் ஒலித்திருக்கும். அறுவைக்கான கன்னடச் சொல் இன்னும் கூர்மையானது: ‘சந்தான ஹரண சிகித்ஸெ’. ஹரணம் என்றால் கவர்ந்து செல்லுதல். சீதாபஹரணத்தில் இருக்கும் அதே ஹரணம். பிள்ளைப்பேற்றைப் பறிக்கும் சிகிச்சை என்று ஒரு மொழி அரசாணையிலேயே எழுதிவிட்டபின், எதிர்ப்பிலக்கியம் தனியாக எதற்கு? தமிழ்நாட்டுக் கிராமங்களில் ‘ஆபரேஷன் ஆயிடுச்சா?’ என்று அடைமொழி இல்லாமல் கேட்டால் பெரும்பாலும் கருத்தடையைத்தான் குறிக்கும். குடல்வால், கண்புரை, எலும்பு என எத்தனையோ அறுவைகள் இருக்க, அந்தப் பொதுச்சொல்லை ஒன்றே ஒன்று கைப்பற்றிக்கொண்டது. அரசு மருத்துவம் கிராமத்துக்கு எந்த முகத்தோடு போயிற்று என்பதை இந்தச் சொற்பொருள் குறுக்கம் சொல்கிறது. ‘கேஸ்’ என்ற சொல்லும் அப்படியே. மருத்துவமனையில் அது நோயாளி, காவல் நிலையத்தில் வழக்கு. ‘கேஸ் பிடிப்பது’ என்று வரும்போது இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது.

சகலவாரா முயற்சியின் அருமை இந்தப் பின்னணியில்தான் புலப்படும். அகில இந்திய மனநல நிறுவனமும் அரசு மனநோய் மருத்துவமனையும் இணைந்து 1974 டிசம்பரில் நிம்ஹான்ஸ் உருவாயிற்று. அடுத்த ஆண்டில், ஆர்.எல். கபூரின் தலைமையில் அங்கே சமூக மனநலப் பிரிவு அமைந்தது. அவர் முன்னதாகத் தென் கன்னடத்தின் கோட்டா பகுதியில் ஆய்வு செய்தவர். மன வேதனையோடு இருக்கும் கிராமத்தார் மருத்துவரை மட்டுமல்லாமல் மந்திரவாதியையும் சோதிடரையும் நாட்டு வைத்தியரையும் எந்த முரணும் இன்றி நாடுவதைப் பார்த்தவர். வடக்கே சண்டிகரைச் சேர்ந்த குழு ஒன்று அரியானாவின் ராய்ப்பூர் ராணியில் இதே போன்ற முயற்சியில் இறங்கியிருந்தது. உலக சுகாதார நிறுவனமும் வளரும் நாடுகளில் மனநலப் பணியைப் பொதுச் சுகாதாரத்தோடு சேர்க்கவேண்டும் என்று 1975இல் கூறியிருந்தது. நாடு முழுவதற்கும் மனநல மருத்துவர்கள் சில நூறு பேரே இருந்த காலம். கிராமத்து மருத்துவருக்கும் பணியாளருக்கும் கற்றுக் கொடுப்பது தவிர வேறு வழியில்லை.

இந்தத் திட்டத்தின் உயிர்நாடி மருந்துப் பெட்டி அன்று, வீட்டு வருகை. தனக்குத்தானே பேசிக்கொள்பவர், காரணமின்றி வீட்டைவிட்டு ஓடுபவர், வலிப்பு வருபவர் யாரேனும் இந்தத் தெருவில் உண்டா என்று சுகாதாரப் பணியாளர் திண்ணையில் அமர்ந்து கேட்க வேண்டும். வீட்டார் மறைக்காமல் சொல்ல வேண்டும். மகளுக்கு மணம் பேசிக்கொண்டிருக்கும் குடும்பம், வலிப்பு நோயை அயலாரிடம் எளிதில் சொல்லிவிடாது. சொல்ல வைப்பது அந்தப் பணியாளர்மேல் உள்ள நம்பிக்கை மட்டுமே. அதே ஆண்டுகளில் அதே பதவியில் இருந்தவர்கள் நாடெங்கும் அதே திண்ணைகளில் கேட்கும்படி பணிக்கப்பட்ட கேள்வி வேறு: எத்தனை குழந்தைகள், கடைசிக் குழந்தைக்கு என்ன வயது, எப்போது வருகிறீர்கள்? ஒரே வாய் இரண்டு கேள்விகளையும் கேட்டால், முதல் கேள்விக்கான பதிலை இரண்டாவது கேள்வி கெடுத்துவிடும்.

மருத்துவ வருகைக்குள் வேறு நோக்கம் நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிற்கால உலகச் சான்றும் உண்டு. பாகிஸ்தானின் அப்போட்டாபாத்தில் பின்லாடனைத் தேடிய அமெரிக்க உளவுத்துறை 2011இல் போலியான தடுப்பூசி முகாம் ஒன்றைப் பயன்படுத்தியது. அதன்பின் போலியோ சொட்டு மருந்துப் பணியாளர்கள் உளவாளிகள் என்ற ஐயம் வலுப்பெற்றது; அங்கே பலர் கொல்லப்பட்டனர்.

1977 மார்ச் தேர்தலில் உத்தரப் பிரதேசத்தின் 85 இடங்களிலும் பீகாரின் 54 இடங்களிலும் காங்கிரஸ் ஒன்றைக்கூட வெல்லவில்லை. கர்நாடகத்தில் 28இல் 26 வென்றது. அடுத்த ஆண்டே இந்திரா காந்தி சிக்கமகளூரிலிருந்து மக்களவைக்குத் திரும்பினார். இந்த வேறுபாட்டைக் காட்டி, தெற்கில் நெருக்கடி நிலை எந்தத் தழும்பையும் விடவில்லை என்று வாதிடுவோர் உண்டு. தேர்தல் முடிவு தழும்பை அளக்கும் கருவியன்று. மருத்துவப் புள்ளிவிவரத்தில் அது எல்லா மாநிலங்களிலும் தெரிகிறது.

புதிய அரசு ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்ற துறைப் பெயரைக் ‘குடும்ப நலம்’ என மாற்றியது. 1977 அக்டோபர் 2 அன்று கிராமத்தவரையே சுகாதாரப் பணியாளராக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 82 லட்சமாக இருந்த அறுவைகள் 1977-78இல் 9.5 லட்சத்துக்குச் சரிந்தன. அதற்குள் நடந்த இன்னொரு மாற்றம்தான் நிலைத்து நின்றது. ஆண்களின் அறுவை 62 லட்சத்திலிருந்து இரண்டு லட்சத்துக்கும் கீழே போயிற்று. அதன்பின் எழவே இல்லை. வாக்களித்துப் பழிவாங்கத் தெரிந்த ஆண்களைத் தொட அரசியல்வாதிகள் அஞ்சினர். இலக்கு ஒழியவில்லை, மனைவியரின் பக்கம் திரும்பியது. வயிற்றைத் திறக்கத் தேவையில்லாத, சில நிமிடங்களில் முடியும் எளிய அறுவை கைவிடப்பட்டு, அதைவிடச் சிக்கலான, ஆபத்து கூடிய அறுவை நாட்டின் வழக்கமாயிற்று. எந்த மருத்துவப் பாடநூலும் பரிந்துரைக்காத தேர்வு இது, செய்தது அரசியல்.

1996இல் இலக்குமுறை அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டது. எண்களின் பழக்கம் போகவில்லை. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில், ஒரு முகாமில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு அறுவை செய்யப்பட்டது. அந்த நாள்களின் முகாம்களை ஒட்டி 13 பெண்கள் இறந்தனர். தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் 2016 செப்டம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கருத்தடை முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்தும்படி கூறியது.

1976இன் மற்றொரு எச்சம் மருத்துவத்துக்கு வெளியே இருக்கிறது. அந்த ஆண்டின் 42ஆம் அரசியலமைப்புத் திருத்தம், மக்கள்தொகைக் கட்டுப்பாட்டைப் பொதுப் பட்டியலில் சேர்த்தது. பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலிலேயே நின்றது. காய்ச்சலுக்கு மருந்து வாங்க மாநிலத்தின் பணம்; கருத்தடைக்குத் தில்லியின் சட்டமும் செல்லும். கிராமத்து மருத்துவர் இரண்டு எசமானர்களுக்கு உழைத்த நிலை இவ்வாறு அரசியலமைப்பிலேயே இடம்பெற்றது. மக்களவை இடங்களை 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி உறைய வைத்ததும் அதே திருத்தம்தான். இன்று தொகுதி மறுவரையறை பற்றித் தென் மாநிலங்கள் எழுப்பும் அச்சத்தின் வேர் அங்கே கிடக்கிறது.

சகலவாராவில் தொடங்கியது வீணாகவில்லை. அங்கே உருவான பயிற்சிமுறையின் அடிப்படையில் 1982இல் தேசிய மனநலத் திட்டமும், 1985இல் பெல்லாரி மாவட்ட முயற்சியும், அதைப் பின்பற்றி 1996 முதல் நாடெங்கும் மாவட்ட மனநலத் திட்டமும் வந்தன. உலக அளவில் ‘பெல்லாரி மாதிரி’ பாடமாக்கப்பட்டது. ஆனால் அத்திட்டத்தை மதிப்பிட்டவர்கள் மீண்டும் மீண்டும் சுட்டிய குறைகளில் சில புதியவை அல்ல. பயிற்சி பெற்ற மருத்துவர் வேறிடத்துக்கு மாற்றப்படுகிறார். பணியாளருக்கு ஏற்கெனவே இருக்கும் பதிவேடுகளுக்கு மேல் இது இன்னொரு பதிவேடு. மேலதிகாரி மாதக் கூட்டத்தில் கேட்பது வேறு எண்களை.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டதாகச் சொன்னவர்கள் 0.3 விழுக்காடு. கர்நாடகத்தில் பெண்களின் பங்கு 57 விழுக்காட்டைத் தாண்டுகிறது. 1930இல் வேண்டுவோர் வந்து கேட்டுப் போகலாம் என்று கதவைத் திறந்து வைத்த மைசூர், இந்தக் கர்நாடகத்துக்குள்தான் இருக்கிறது.